காணாததை எழுதாதவர்

மழை பெய்கிறதா என்று அவரிடம் கேட்டால், ஜன்னலைப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் பெய்யுது" என்பார். மற்றப் பக்கத்து நிலவரம் வேண்டுமானால் கேட்டவரே எழுந்து போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை அவர் வேடிக்கைக்காகச் சொன்னதில்லை. ஆய்வுகூடத்துக்கு ஒரே கூரைதான், மழை இரண்டு பக்கமும்தான் விழும் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "விழலாம் சேர். நான் காணல்ல" என்றார்.

அவர் எங்கள் நகரத்து ஆஸ்பத்திரியின் இரத்த ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தார். மாவனல்லை ஊர்ப் பெண். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஊருக்குப் போய்த் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் திரும்புவார். நான் கஹவத்தைப் பக்கம் தேயிலையும் றப்பரும் கலந்த ஒரு தோட்டத்தில் மருத்துவ உதவியாளனாக இருந்தேன். தோட்டத்து மக்கள் என்னை டொக்டர் ஐயா என்பார்கள். டொக்டர்கள் டிஸ்பென்சர் என்பார்கள். இரண்டுக்கும் நான் திரும்பிப் பார்ப்பேன். இப்போது எனக்கு எழுபத்தாறு வயது. பாக்கியம் என்ற கொழுந்து பறிக்கும் பெண்ணின் உயிரோடு விளையாடிய ஒரு பொய்யைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொய் என்னுடையது. ஆனால் ஆய்வுகூடத்துப் பெண்ணைப் பற்றி முதலில் சொல்லாவிட்டால் அதன் கனம் விளங்காது.

ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயமூட்டி, மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்து, நூறு வெள்ளை அணுக்களை எண்ணி, எந்த வகை எத்தனை என்று எழுத வேண்டும். இதுதான் அவருடைய வேலை. பலர் ஐம்பதில் நிறுத்திவிட்டு இரண்டால் பெருக்குவார்கள். படிக்கிற காலத்தில் நானும் பெருக்கியிருக்கிறேன். அவர் நூறையும் எண்ணுவார். நடுவில் யாராவது கூப்பிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். அதனால் அவரை யாரும் நடுவில் கூப்பிடுவதில்லை. அறிக்கை பிந்திவிட்டது என்று திட்டுகிறவர்கள்கூட அவர் எண்ணி முடிக்கும்வரை காத்திருந்துதான் திட்டினார்கள்.

'நோர்மல்' என்ற சொல்லை அவர் எழுதி நான் பார்த்ததில்லை. பார்த்த அணுக்களில் குறை காணவில்லை என்று முழு வாக்கியமாக எழுதுவார். பார்க்காத அணுக்களுக்கு அவர் பொறுப்பில்லை.

எங்கள் தோட்டத்து மனேஜர் தொரையின் மனைவி வெளிநாட்டிலிருந்த மகனிடம் போகப் புறப்பட்டார். இரத்த அறிக்கை அன்று பின்னேரமே வேண்டும். நான் எடுத்துக்கொண்டு போன இரத்தம் குழாயிலேயே உறைந்துவிட்டிருந்தது. குழாயைச் சரியாகக் குலுக்காதது என் பிழை. அவர் குழாயை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார்.

"அவங்க நல்ல சுகமாத்தான் இருக்காங்க மிஸ். ஆளைப் பார்த்தாலே தெரியுது" என்றேன்.

"அப்பிடியெண்டா என்னத்துக்கு ரத்தம் எடுத்தீங்க?"

"ஒரு வரி போட்டுக் குடுங்க. யாரும் கேக்கப் போறதில்ல."

"காணாதத எழுத ஏலா சேர். திரும்ப எடுத்திட்டு வாங்க."

தோட்டத்து ஜீப்பில் மறுபடி மலையேறி, அந்த அம்மாவின் கையில் இரண்டாவது முறை ஊசி குத்தினேன். தொரை ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்த ஒரு வாரம் நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

முகங்கள் அவருக்கு நினைவில் நிற்பதில்லை. நான் மாதாமாதம் இரத்தப் பெட்டியோடு போகத் தொடங்கி ஒரு வருடமான பிறகும், பஸ் நிலையத்தில் என்னைப் பார்த்து, "நீங்க பேங்கில வேல செய்ற ஆள்தானே?" என்று கேட்டார். ஊரையும் பெயரையும் சொன்னேன். விளங்கவில்லை. பாக்கியத்தின் இரத்தத்தைக் கொண்டுவருகிறவன் என்றேன்.

"ஆ, முட்டைக்காரி!" என்று முகம் மலர்ந்தார். "அவங்க எப்பிடி? சுகமா?"

பாக்கியத்தை அவர் கண்ணால் கண்டதில்லை. அவளுடைய அணுக்களைத்தான் தெரியும். பொதுவாகச் சிவப்பு அணு வட்டமாக இருக்கும். பாக்கியத்துக்குப் பிறவியிலேயே நீள்வட்டம், முட்டையைப் போல. அதனால் உடம்புக்கு ஒரு கெடுதியும் இல்லை. சிலருக்கு மூக்கு நீளமாக இருப்பதுபோல. அவளுடைய நோய் வேறு. வெள்ளை அணுக்கள் அளவில்லாமல் பெருகும் இரத்தப் புற்றுநோய் அது. மெதுவாக வளர்ந்து, விட்டுவைத்தால் ஆளை முடித்துவிடும்.

முன்பெல்லாம் இந்த நோய்க்கு நாங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். பிறகு புதிய மாத்திரை ஒன்று வந்தது. அணுவுக்குள்ளே "பெருகு, பெருகு" என்று ஓயாமல் கட்டளையிடும் ஒரு பிழையான பொருளை அது தேடிப் பிடித்து வாயடைக்கும். நல்ல அணுக்களைத் தொடாது. அதை வெளியில் வாங்குவதைத் தோட்டத்து மக்கள் நினைத்தும் பார்க்க முடியாது. கொழும்பில் ஓர் ஆராய்ச்சிக் குழு இந்த நோயாளிகளின் அணுக்களை வருடக்கணக்காகத் தொடர்ந்து ஆராய்ந்தது. அதில் சேர்ந்தவர்களுக்கு மாத்திரை இலவசம். பாக்கியத்தைச் சேர்த்துவிட்டது நான்தான். அது நான் செய்த நல்ல காரியம். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு இப்போது உரிமை உண்டா என்று தெரியவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் டிஸ்பென்சரியில் வைத்து அவளுடைய இரத்தத்தை எடுத்து, ஐஸ் பெட்டியில் நகரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஆய்வுகூடத்துப் பெண் ஒரு துளியை எண்ணிவிட்டு மீதியைக் கொழும்புக்கு அனுப்புவார். அங்கே இலட்சம் அணுக்களுக்குள் ஒரு கெட்ட அணு ஒளிந்திருந்தாலும் கண்டுபிடிக்கும் கருவி இருந்தது.

ஆராய்ச்சியில் சேரும்போது ஒப்புதல் பத்திரத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். வேறொருவருடைய இரத்தத்தைக் கொடுப்பவர் ஆராய்ச்சியிலிருந்து உடனே நீக்கப்படுவார் என்று ஒரு வரி இருந்தது. பாக்கியம் சிரித்தாள். "அடுத்தவங்க ரத்தத்த யாருங்கய்யா கடன் வாங்கிட்டு வரப்போறாங்க?"

நானும் சிரித்தேன்.

இங்கே தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். காலையில் எல்லோரையும் கூட்டிப் பெயர் பதியும் பெரட்டுக் களத்தில் பெயர் விழுந்தால்தான் அன்றைய வேலை. ஒருத்திக்குக் காய்ச்சல், பிள்ளைக்குச் சுகமில்லை, செத்த வீடு என்று வந்தால், அவளுடைய தங்கையோ நாத்தனாரோ ஓரகத்தியோ அவள் பேருக்குப் போவாள். கொழுந்து வந்து சேர்ந்தால் சரி. கணக்கப்பிள்ளை காணாததுபோல் இருப்பார். இதை யாரும் ஏமாற்று என்று நினைப்பதில்லை. ஒரு வீட்டில் ஒருத்தி விழுந்தால் மற்றவள் நிற்பாள், அவ்வளவுதான்.

பாக்கியம் கை வேகமானவள். கொழுந்து நன்றாக வரும் காலத்தில் அவளை மலையிலிருந்து இறக்குவது கஷ்டம். ஒரு நாள் காலை இரத்தம் எடுக்க அவள் வரவில்லை. அவளுடைய ஓரகத்தி லெச்சுமி வந்தாள். கணவனின் தம்பி மனைவி. அப்போது வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தவள்.

"அக்கா மலைக்குப் போயிருச்சுங்க. அது பேருக்கு நான் வந்திருக்கேன்."

"இது பெரட்டுக் களமில்ல லெச்சுமி. இரத்தம் எடுக்கணும்."

"அதுக்குத்தானுங்க வந்தேன்" என்று கையை நீட்டினாள். "ஒரே சட்டியில தானுங்க திங்கிறோம். அதுக்கு என்ன ரத்தமோ எனக்கும் அதேதான்."

அவளைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் பெட்டி ஏற்றும் வான் முற்றத்தில் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. முந்தின முறையும் என் தோட்டத்திலிருந்து குழாய் பிந்திப் போய், ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சியைப் பார்த்துக்கொண்ட பெரிய டொக்டர் என்னை நாலு பேர் முன்னால் கண்டித்துக் கேட்டிருந்தார். இந்த ஒரு தடவைதானே என்று நினைத்தேன். லெச்சுமியின் கையில் குத்தி, குழாயில் பாக்கியத்தின் பெயரை ஒட்டினேன்.

அடுத்த தடவையும் லெச்சுமியே வந்தாள். அதற்கடுத்த தடவை, வராவிட்டால் ஆளனுப்பியிருப்பேன். ஒன்றரை வருடம் இப்படிப் போனது. பாக்கியத்துக்கும் லெச்சுமிக்கும் இதில் பிழை இல்லை. அவர்களுக்கு இரத்தம் கொடுப்பது ஒரு வேலை. வேலைக்கு ஆள் போனால் சரி. எனக்குத் தெரியும். நான் படித்தவன்.

மாத்திரையைப் பாக்கியம் ஒழுங்காகத்தான் குடித்தாள். நோய் அடங்கியிருந்தது, ஆனால் முற்றாகப் போயிருக்கவில்லை. கொழும்புக் கருவி லெச்சுமியின் இரத்தத்தில் தேடியது. இல்லாத நோயின் சுவடு இல்லை என்று ஒவ்வொரு முறையும் சொன்னது. அங்கே பெரிய சந்தோஷம். அப்போது ஆராய்ச்சி அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தது. சுவடே இல்லாதவர்களுக்கு மாத்திரையை நிறுத்திப் பார்ப்பது, நோய் திரும்பாமலே இருக்கிறதா என்று கவனிப்பது. நல்ல ஆராய்ச்சி. எத்தனையோ பேருக்கு அது விடுதலை. அந்தப் பட்டியலில் பாக்கியத்தின் பெயரும் சேர்ந்தது. நல்ல பராமரிப்பு என்று எனக்கும் பாராட்டு வந்தது. பெரிய டொக்டரின் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள்.

நகரத்து ஆய்வுகூடத்தில் ஒருவர் மட்டும் சந்தோஷப்படவில்லை.

பெரிய டொக்டரின் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மேசையில் இரண்டு கண்ணாடித் துண்டுகள் இருந்தன. ஒன்று பழையது, ஒன்று புதியது. இரண்டும் ஒரே ஆளுடையவை இல்லை என்று ஆய்வுகூடத்துப் பெண் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். மருந்து வெள்ளை அணுக்களைத்தான் மாற்றும், பிறவியில் வந்த சிவப்பு அணுவின் வடிவத்தை மாற்றாது என்றார். முதல் இரண்டு தடவையும் துண்டைத்தான் சந்தேகப்பட்டாராம், சாயத்தைச் சந்தேகப்பட்டாராம், ஒவ்வொரு முறையும் திரும்பச் செய்து பார்த்தாராம். பெரிய டொக்டர் இரத்த வகையைப் பார்க்கச் சொல்லியிருந்தார். பாக்கியத்துக்கும் லெச்சுமிக்கும் ஒரே வகை. ஓ பொசிட்டிவ். நாட்டில் பாதிப் பேருக்கு அதுதான்.

புதிய மருந்து, நாம் அறியாத ஏதாவது செய்யலாம் என்றார் பெரிய டொக்டர்.

"செய்யலாம். நான் இன்னும் காணவில்லை" என்றார் அவர்.

பெரிய டொக்டர் என் பக்கம் திரும்பினார். இந்த இரத்தத்தை யாரிடமிருந்து எடுத்தாய் என்று கேட்டார்.

"பாக்கியத்திடமிருந்துதான் சேர். என் கையாலேயே எடுத்தேன்."

என் கையாலேயே எடுத்தது உண்மை.

பெரிய டொக்டர் அவரைப் பார்த்து, கண்ணைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அக்கறையோடுதான் சொன்னார். அவர் இரண்டு துண்டுகளையும் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். அடுத்த வாரமே கண் பரிசோதனைக்கும் போனார். அந்த அறிக்கையையும் கொண்டுவந்து பெரிய டொக்டரின் மேசையில் வைத்தாராம். இரண்டு கண்ணும் நன்றாக இருந்தன.

பாக்கியத்தின் மாத்திரை நின்றது.

நிறுத்திய பிறகு மாதாமாதம் இரத்தம் அனுப்ப வேண்டும். இப்போது பாக்கியத்தின் சொந்த இரத்தத்தை அனுப்பினால் போதும், நோய் திரும்பிவிட்டது என்று அவர்களே மாத்திரையைத் திரும்பத் தொடங்குவார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியவராது. இதை நான் நன்றாக யோசித்தேன். ஒரே ஒரு ஆளுக்குத் தெரியவரும். முட்டை வடிவ அணுக்கள் திரும்பி வந்தால், அன்று அறையில் பொய் சொன்னது யார் என்று மைக்ரோஸ்கோப்பின் முன்னால் இருக்கிறவருக்கு விளங்கிவிடும். அதனால் மூன்று மாதமும் லெச்சுமியின் இரத்தத்தையே அனுப்பினேன்.

இதற்கு மேல் என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நாலாவது மாதம் பாக்கியம் டிஸ்பென்சரிக்கு வந்தாள். "வயித்துல இடது பக்கம் என்னமோ கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்குங்கய்யா. கூடையக் கட்டினா மூச்சு முட்டுது." தொட்டுப் பார்த்தேன். மண்ணீரல் வீங்கி விலாவுக்குக் கீழே வந்திருந்தது. வாயு என்று சொல்லி ஒரு மருந்து கொடுத்தேன்.

அதற்குப் பிறகு வந்த பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் ஆய்வுகூடத்துப் பெண் தோட்டத்துக்கு வந்தார். யாரும் கூப்பிடவில்லை. கஹவத்தையில் பஸ் மாறி, சந்தியிலிருந்து நடந்து ஏறியிருந்தார். தோளில் ஓர் உரப் பை. அதற்குள் படிக்கிற காலத்தில் வாங்கிய பழைய மைக்ரோஸ்கோப், மின்சாரம் வேண்டாதது, சிறு கண்ணாடியால் வெயிலைப் பிடித்துப் பார்ப்பது. டிஸ்பென்சரி ஜன்னலோரம் மேசையை இழுத்துப் போடச் சொன்னார்.

"முட்டைக்காரிட ரத்தம் எனக்கு வந்து ரெண்டு வருஷமாகப் போகுது. அவங்க ஈக்கிறாங்களா இல்லையா எண்டு பார்த்திட்டுப் போக வந்தேன்."

"இருக்காங்க மிஸ்."

"நான் காணல்ல சேர்."

தொழிலாளர் லயத்துக்கு ஆளனுப்பினேன். பாக்கியமும் லெச்சுமியும் சேர்ந்தே வந்தார்கள். "பாக்கியம் யாரு?" என்று அவர் கேட்டார். பழக்கத்தில் லெச்சுமி முன்னால் வந்து சட்டைக் கையைச் சுருட்டினாள். பாக்கியம் அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "அடியே, மிஸ் ஆளைக் கேக்குறாங்கடி" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் அலுமாரியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு பேரும் விரலத் தாங்க" என்றார் அவர்.

முதலில் லெச்சுமியின் துண்டு. சாயம் காய்ந்ததும் கண்ணை வைத்துப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தலையைத் தூக்கி, நெடுநாள் பழகியவரைச் சந்தையில் கண்டதுபோல லெச்சுமியைப் பார்த்துப் புன்னகைத்தார். "ஆ, நீங்களா! ஒங்களத்தான் ரெண்டு வருஷமாப் பாக்குறேன். கொஞ்சம் இரும்புச் சத்துக் காணா. கீரை தின்னுங்க."

லெச்சுமிக்கு வெட்கம் வந்துவிட்டது. "என்னையவா மிஸ்? நான் உங்கள இப்பத்தானே பாக்குறேன்."

பிறகு பாக்கியத்தின் துண்டு. இந்த முறை அவர் தலையைத் தூக்கவில்லை. விரல்கள் துண்டை மெல்ல மெல்ல நகர்த்தின. வெளியே கோயில் பக்கம் பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். நூறு எண்ணினார். பிறகு இன்னொரு நூறு எண்ணினார். அப்படி அவர் செய்து நான் பார்த்ததில்லை.

"எங்க போயிருந்தீங்க?" என்றார், மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே.

"நான் எங்கயும் போகலீங்களே மிஸ்" என்றாள் பாக்கியம். "மலையிலதான் நின்னேன்."

அவர் என்னைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். முட்டை வடிவச் சிவப்பு அணுக்கள் தெரிந்தன. அவற்றை நெருக்கித் தள்ளிக்கொண்டு, தேர்த் திருவிழாக் கூட்டம்போல வெள்ளை அணுக்கள். முதிராதவை. அவை அங்கே இருக்கவே கூடாது.

பாக்கியத்தின் கையிலிருந்து ஒரு குழாய் இரத்தமும் எடுத்துக்கொண்டு, பெண்கள் இருவரையும் வெளியே வாங்கில் உட்காரச் சொல்லிவிட்டு அவர் கதவைச் சாத்தினார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் பெரிய டொக்டருக்கு எல்லாத்தையும் எழுதுறேன் மிஸ்" என்றேன். அந்த நேரத்தில் உண்மையாகவே சொன்னேன்.

"எழுதினா அவங்களுக்கு என்ன நடக்கும்?"

பத்திரத்தின் அந்த வரி ஞாபகத்துக்கு வந்தது. "ஆராய்ச்சியிலிருந்து தூக்கிருவாங்க."

"குளுசை?"

"மாத்திரை கிடைக்காது."

அவர் மைக்ரோஸ்கோப்பை மேசையின் ஓரத்துக்கு நகர்த்தினார். பிறகு ஒரு தாள் கேட்டார். என் மேசையிலேயே உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். ஆய்வுகூடத்தில் இயந்திரத்தைச் சரிபார்க்க ஊழியர் ஒருவருடைய ஆரோக்கியமான இரத்தத்தை வைத்திருப்பார்கள். அவருடைய கூடத்தில் அது அவருடைய சொந்த இரத்தம், அதுவும் ஓ பொசிட்டிவ். அந்தக் குழாயைக் கவனக்குறைவால் பாக்கியத்தின் பெயரில் தொடர்ந்து கொழும்புக்கு அனுப்பிவந்ததாக எழுதினார். பிழை முழுவதும் தன்னுடையது என்றும், இன்று எடுத்த சரியான இரத்தம் இத்துடன் வருகிறது என்றும், நோயாளிக்கு உடனே மாத்திரை தொடங்க வேண்டும் என்றும் எழுதினார். ஒரு பக்கக் கடிதம். எழுதி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நூறு அணுக்களைப் பத்துத் தடவை எண்ணியிருக்கலாம்.

"காணாதத எழுதிப் பழக்கமில்ல சேர்" என்று தாளை என்னிடம் நீட்டினார். "சரியா ஈக்குதா பாருங்க."

வாசித்துப் பார்த்தேன். பிழை இல்லை. அப்படியே சொன்னேன்.

மாத்திரை பத்து நாளில் வந்துவிட்டது. அதற்குள் ஆஸ்பத்திரியில் விசாரணையும் முடிந்திருந்தது. தன் பிழையை மறைக்கத்தான் அவர் முன்பு தோட்டத்து டிஸ்பென்சர்மேல் சந்தேகத்தைத் திருப்பினார் என்று எல்லோருக்கும் விளங்கியதாம். அவரும் மறுக்கவில்லை. பெரிய டொக்டர் என்னை அழைத்து, அன்று அப்படிக் கேட்டதற்காக மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை சேர் என்றேன்.

அவரை மைக்ரோஸ்கோப்பிலிருந்து எடுத்து, சிறுநீர்ப் போத்தல்கள் வாங்கிப் பதியும் ஜன்னலில் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார். நான் இரத்தப் பெட்டியோடு அந்த ஜன்னலைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். மாதம் ஒருமுறை தாண்டினேன். தலையசைப்பார். என்னை யாரென்று அடையாளம் கண்டுதான் அசைக்கிறாரா என்று தெரியாது. கேட்கவில்லை. அவருடைய இடத்தில் வந்த பையன் கெட்டிக்காரன். ஐம்பது எண்ணி இரண்டால் பெருக்குவான். அறிக்கை பிந்துவதே இல்லை.

பாக்கியத்தின் மண்ணீரல் ஆறு மாதத்தில் சுருங்கியது. மறுபடி கூடை கட்டினாள்.

போன வருடம் மாவனல்லைக்குப் போனேன். விலாசம் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. கடைத்தெருவுக்குப் பின்னால் வீடு. மகள் உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்து இஞ்சித் தேத்தண்ணி கொடுத்தாள். அவர் வந்து எதிரே உட்கார்ந்தார். நான் யாரென்று சொன்னேன். வந்த காரணத்தையும் சொன்னேன். வேலையை விட்டு வெகு காலமாகிவிட்டது, எனக்கு இனி இழக்க ஒன்றுமில்லை, நடந்ததை நடந்தபடி எழுதி ஆஸ்பத்திரிக்கும் கொழும்புக்கும் அனுப்பப் போகிறேன், உங்கள் பெயரிலிருக்கும் பிழை நீங்கட்டும் என்றேன். வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்து வந்த வசனங்கள்.

கேட்டுக்கொண்டிருந்தார். "அவங்க இன்னமும் குளுசை எடுக்கிறாங்களா?" என்றார்.

"எடுக்கிறாங்க. பேத்தியும் இருக்கு. நல்லா இருக்காங்க."

"குளுசை எங்கேந்து வருது?"

"அதே இடத்திலிருந்துதான். ஆராய்ச்சிக்காரங்கதான் இப்பவும் குடுக்கிறாங்க."

"அப்ப எழுத வாணாம் சேர்."

"உங்க பேரு..."

"குடிங்க, தேத்தண்ணி ஆறுது."

அதற்குப் பிறகு வேறு விஷயங்கள் பேசினோம். அரநாயக்கப் பக்கம் மண்சரிவில் மலை இறங்கியபோது தன் சொந்தக்காரர் வீடு தப்பியதைச் சொன்னார். புறப்படும்போது வாசல்வரை வந்தார்.

இங்கே பாக்கியம், லெச்சுமி என்று நான் எழுதியிருப்பவை அவர்களுடைய பெயர்கள் அல்ல. ஆஸ்பத்திரியையும் யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வுகூடத்துப் பெண்ணுக்கு மட்டும் ஒரு பொய்ப் பெயரைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. உண்மைப் பெயரைப் போடவும் முடியாது. போன கிழமை பாக்கியத்தைச் சந்தியில் கண்டேன். கொழுத்திருந்தாள். மாத்திரை ஒரு நாளும் தவறுவதில்லையாம். பேத்தி கல்யாணத்தைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்றாள். பேத்திக்கு இப்போது மூன்று வயது. அவள் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். அதுவரைக்கும் ஆஸ்பத்திரிக் கோப்பில் பிழை செய்தவர் ஆய்வுகூடத்துப் பெண்ணாகவே இருப்பார். அதைத் திருத்தி எழுத எனக்கு அத்தனை வருடம் இல்லை.